பன்னிரண்டாவது அம்பு

வில் மூன்று, அம்பு பன்னிரண்டு, ஆட்கள் ஒன்பது.
சந்துனி கணக்கில் கெட்டிக்காரி:
ஆளுக்கு ஓர் அம்பும்
இன்னொன்றில் மூன்றிலொரு துண்டும் வரும் என்கிறாள்.
அந்தத் துண்டுக்காகத்தான் எங்கள் சண்டையெல்லாம்.

டச்சுக்குடாவின் மணல் முடிந்து
அறுகும் நெருஞ்சியும் தொடங்கும் இடத்தில்
ஒரு சுண்ணாம்புக் கோடு.
விசில் இரண்டு என்றால் கோட்டுக்கு வா.
ஒன்று என்றால் எய்.
மூன்று என்றால் போய்ப் பிடுங்கு.
இந்தக் கிழமை விசில் ரிஃப்கானிடம்.
அதிகாரம் அவன் கழுத்தில் ஆடுகிறது.

கச்சான் அடிக்கிற மாதம்.
மஞ்சளைப் பார்த்து எய்தால்
நீலத்தில் போய்க் குத்தும்.
மஞ்சள் வேண்டுமென்றால்
மஞ்சளைப் பார்க்கக் கூடாது.

நாண் மூக்கு நுனியில். சுட்டுவிரல் தாடைக்குக் கீழே.
அங்கே எனக்கொரு பரு;
விரல் அதில் முட்டினால் இடம் சரி.
பரு ஆறிவிட்டால் என் புள்ளி குறையுமென்று
ஹஸ்னா உண்மையாகவே கவலைப்படுகிறாள்.

கையால் இழுக்காதே, முதுகால் இழு.
தோள்பட்டை எலும்புகள் இரண்டும்
ரகசியம் கதைக்கப் போவதுபோல் நெருங்கட்டும்.
பிறகு விரல்கள் நாணை விடுவதில்லை,
பிடித்திருப்பதை மறந்துபோகின்றன.

நேற்று என் விரல்கள் மறக்கவில்லை.
முறைக்குக் காத்து முதுகுக்குப் பின்னால்
ஆறு பேர் நிற்பது அவற்றுக்கு ஞாபகம்.
வைக்கோல் பொதியில் 'துக்' என்று கேட்கவில்லை.
எங்குமே கேட்கவில்லை.
ஓர் அம்பின் விலையை யாரும் சொல்லவில்லை.
எல்லோருக்கும் தெரியும்.

ஓடினோம். புல்லை மிதித்து மிதித்து
அதை இன்னும் நன்றாக மறைத்தோம்.
"நில்லுங்கோ."
மதுஷாலினி. ஒன்பது பேரிலும் குறையக் கதைப்பவள்.
விசில் இல்லாமலே நின்றோம்.

அவளின் அம்மாவுக்கு முகமாலையில்
கண்ணிவெடி எடுக்கிற வேலை.
மாதத்தில் மூன்று நாள் வீட்டில்.
அம்மா சோறு பிசைந்துகொண்டு
போனில் யாருக்கோ சொன்னதைக் கேட்டிருக்கிறாள்:
ஒரு மீட்டருக்கு ஓர் ஒழுங்கை.
நூல் கட்டு, குச்சி நடு.
பார்க்காத இடத்தில் கால் வைக்காதே.

நூல் இல்லை.
அறுந்த நாண் இரண்டு, ஹஸ்னாவின் சப்பாத்து நாடா,
கொஞ்சம் யோசித்து ரிஃப்கான் கழற்றிய விசில் கயிறு.
மிச்சத்துக்குக் காலால் கீறிய கோடு.
ஒன்பது ஒழுங்கையில் ஒன்பது பேர் முழங்காலில்,
புல்லுக்கு வகிடு எடுத்து எடுத்துப் பார்த்தோம்.
சோடா மூடி. ஒற்றைத் தோடு.
பிறகு சந்துனியின் ஒழுங்கையில்
துருப்பிடித்து, பாதி புதைந்து, ஏதோ ஒன்று.

எல்லோரும் கையை எடுத்துக்கொண்டோம்.
மதுஷாலினி வந்து குனிந்தாள்.
நெடுநேரம் பார்த்தாள்.
"சைக்கிள் பெடல்."
சிரிக்கலாமா என்று
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

இதற்குள், கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்
இலக்குத் தாளில் மஞ்சளை முழுதாய்த் தின்றுவிட்டுச்
சிவப்பைத் தொடங்கியிருந்தது.
பத்தும் ஒன்பதும் அதன் வயிற்றில்.
துவாரகன் விரட்டப் போய், செருப்பையும் தேட வைத்தான்.

அம்பு ஐந்தாம் ஒழுங்கையில் இருந்தது,
அறுகின் வேர்களுக்குக் கீழே
துணிக்குள் போன ஊசியாட்டம்.
எடுத்தவன் இமாத், ஆகச் சின்னவன்.
சட்டையில் துடைத்துத் துடைத்து
என்னிடம் தராமலே வைத்திருந்தான்.
மூன்று சிறகில் ஒன்று கிழிந்திருந்தது.

துறைமுகத்தில் விளக்குகள் வந்துவிட்டன.
இனி எய்ய முடியாது.
விசிலை ரிஃப்கான் சட்டைப்பைக்குள் போட்டான்.
நெருஞ்சி எடுக்க
ஆளுக்காள் முழங்காலை நீட்டிக்கொண்டிருந்தபோது
மதுஷாலினி முடிச்சுகளை அவிழ்த்தாள்,
ஒவ்வொன்றாக, கடைசி ஒழுங்கையிலிருந்து.

புதுத் தாளுக்குக் காசு அடுத்த மாதம்தான்.
இமாத் கேட்கிறான்:
மான் தின்ற ஓட்டைக்குள்ளால் போனால்
எத்தனை புள்ளி?